ஈட்டன் ஓவிய ஆசிரியை விவகாரம்: உங்களிடம் கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பீர்களா?

சாக்பீஸ் (இழையைத் தொடங்கியவர்)

அரச குடும்பத்து வம்பு பேச இந்த இழை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஈட்டன், இங்கிலாந்தில் விண்ட்சர் கோட்டைக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஆண்கள் உறைவிடப் பள்ளி. 1440-ல் ஆறாம் ஹென்றி மன்னர் 70 ஏழைப் பையன்களுக்கு இலவசப் படிப்பு தருவதற்காகத் தொடங்கியது. இன்றைக்கு 1,300-க்கும் மேற்பட்ட பையன்கள், கறுப்பு வால்கோட்டுச் சீருடை. பிரிட்டனின் பிரதமர்களில் 20 பேர் அங்கே படித்தவர்கள். இளவரசர் ஹாரி 2003-ல் அங்கிருந்து வெளியே வந்தார். ஏ-லெவலில் (நம் பிளஸ் டூ போன்ற பள்ளி இறுதித் தேர்வு) ஓவியத்தில் பி, புவியியலில் டி. சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிக்குப் போக அது போதும்.

அதே 2003-ல் அங்கே ஓவியம் கற்பித்த ஓர் ஆசிரியைக்கு வேலை போயிற்று. அவர் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனார். ஹாரியின் ஓவியங்களோடு வைக்க வேண்டிய விளக்க உரையைத் தயாரிக்க உதவும்படி துறைத் தலைவர் தன்னிடம் கேட்டார் என்றார். எந்த ஓவியரின் பாதிப்பு, படம் எப்படி உருவானது என்றெல்லாம் மாணவன்தான் எழுத வேண்டிய பகுதி அது. தவறு என்று தெரிந்தும் அவசரத்தில் செய்து கொடுத்தேன் என்றார். பள்ளி மறுத்தது, இளவரசர் தரப்பும் மறுத்தது. எடெக்செல் தேர்வு வாரியம் முறைகேடு இல்லை என்றது. 2005-ல் தீர்ப்பு வந்தது: பணிநீக்கம் நியாயமற்றது, துறைத் தலைவர் உதவச் சொன்னது உண்மை, இளவரசருக்கு உதவி கிடைத்ததும் உண்மை. அந்த உதவி முறையானதா என்று சொல்வது எங்கள் வேலை இல்லை என்று தீர்ப்பாயம் அதோடு நிறுத்திக்கொண்டது. மறு வருடம் 45,000 பவுண்டு இழப்பீடு.

உங்களிடம் துறைத் தலைவர் வந்து அப்படிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? செய்தித்தாள் படித்துவிட்டுச் சொல்லும் பதில் வேண்டாம். மார்ச் மாதம், மதிப்பெண் பட்டியல் அனுப்ப வேண்டிய வாரம், உங்கள் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று அந்த மனிதர்தான் எழுதப்போகிறார். அப்போது?

வெட்டிப்பேச்சு வேலு

இதில் என்ன அதிசயம் இருக்கிறது? ராஜா வீட்டுப் பிள்ளை. பாஸ் ஆகாமல் போனால்தான் செய்தி.

பதில் கேட்டீர்கள் அல்லவா? எழுதிக் கொடுத்திருப்பேன். எல்லோரும் எழுதிக் கொடுத்திருப்போம். இல்லை என்று சொல்பவர் வீட்டுக்கடன் கட்டாதவர்.

தேம்ஸ்கரை

நான் அந்தப் பள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி, ஸ்லவ் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்கள் பள்ளி வாசலிலிருந்து ஈட்டனுக்குப் பேருந்தில் போய்விடலாம். இரண்டு பள்ளிக்கும் நடுவில் இருப்பது வேறு தூரம்.

கோர்ஸ்வொர்க், அதாவது பள்ளியிலேயே செய்து மதிப்பெண்ணில் சேரும் வேலை, எப்படி நடக்கிறது என்று தெரியாமல் இதைப் பேச முடியாது. மாணவன் செய்த வேலையை அவனுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரே திருத்தி மதிப்பெண் போடுவார். வாரியம் எல்லாவற்றையும் பார்க்காது. சில மாதிரிகளை மட்டும் கேட்டு வாங்கிப் பார்க்கும். நாம் தாராளமாகப் போட்டிருக்கிறோம் என்று தோன்றினால் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருடைய மதிப்பெண்ணும் சேர்ந்து இறங்கலாம். மாணவன் "இது என் சொந்த வேலை" என்று கையெழுத்துப் போட வேண்டும். "எனக்குத் தெரிந்தவரை அப்படித்தான்" என்று ஆசிரியரும் போட வேண்டும்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஆசிரியர் உதவக் கூடாது என்று விதியே இல்லை. பொதுவாக வழிகாட்டலாம். அதற்கு மேலே போய்க் குறிப்பாக உதவினால், இன்ன இடத்தில் இவ்வளவு உதவினேன் என்று படிவத்தில் எழுதி, மதிப்பெண் போடும்போது அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். இன்றைய விதி அதுதான். ஆக நேர்மையான வழி ஒன்று படிவத்திலேயே இருக்கிறது. நான் வேலைக்கு வந்ததிலிருந்து அந்தக் கட்டத்தில் யாரும் ஏதாவது எழுதிப் பார்த்ததில்லை. எங்கள் பள்ளியிலும்தான்.

மலர்விழி மதுரை

தேம்ஸ்கரை அண்ணா, நல்ல விளக்கம். ஆனால் சாக்பீஸ் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். அந்த ஆசிரியை ஹாரியிடம் பேசியதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்தார். 2003 மே மாதம். அந்தப் பேச்சில் ஹாரி தான் எழுதியது ஏதோ ஒரு வரி அளவுதான் என்பது போலச் சொன்னதாகத்தான் தீர்ப்பாயத்தில் வந்தது.

மாணவனுக்கு அப்போது 18 வயது. ஆசிரியையை நம்பிப் பேசுகிறான். அவரிடம் மறைவாக ஒலிப்பதிவுக் கருவி. எழுதிக் கொடுத்ததைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது. எழுதிக் கொடுத்தது மேலே இருப்பவர் சொன்னதால். பதிவு செய்தது சொந்த முடிவு. உறைவிடப் பள்ளியில் பிள்ளைக்கு அப்பா அம்மா பக்கத்தில் இல்லை. ஆசிரியர்தான் எல்லாம். அவரே ரகசியமாகப் பதிவு செய்தால்?

சாக்பீஸ்

மலர், விட்டுவிடவில்லை. யாராவது எடுப்பார்கள் என்று காத்திருந்தேன்.

வேலைத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம் அது. எதிரே இருப்பது ஈட்டன். அவர்களுக்கு வழக்கறிஞர்கள், ஆறு நூற்றாண்டுப் பெயர், அரண்மனை. இவரிடம் என்ன இருந்தது? தன் வாய்ச்சொல். அந்தப் பதிவு இல்லாமல் இவர் பேச்சை யார் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறாய்?

மலர்விழி மதுரை

//அந்தப் பதிவு இல்லாமல் இவர் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்//

அது அவருக்கு வழக்கில் உதவியது. பையனுக்கு? துறைத் தலைவரைப் பதிவு செய்திருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன். கேட்டது அவர்தானே. பலவீனமான ஆளைத்தான் பதிவு செய்தார். இளவரசன் என்பதால் பலவீனமானவன் இல்லை என்று வேலு சொல்வார். தேர்வில் தடுமாறும் 18 வயதுப் பையன், அவ்வளவுதான்.

வெட்டிப்பேச்சு வேலு

சொல்ல மாட்டேன் மலர். இந்த ஒன்றில் உன் பக்கம்.

கடலூர் காற்று

இழையைத் தொடர.

பழைய பிசிக்ஸ்

வணக்கம். நான் ஓய்வு பெற்றவன். பேர் சொல்ல விரும்பாத ஒரு மலை ஊர் உறைவிடப் பள்ளியில் பிளஸ் டூ இயற்பியல் எடுத்தேன். பையன்கள் பள்ளி. தேயிலைத் தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளைகள், திரைப்படத் துறைப் பிள்ளைகள், வெளிநாட்டில் பெற்றோர் இருக்கும் பிள்ளைகள்.

செய்முறைத் தேர்வு நாளில் வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அவருக்கு எந்த விருந்தினர் அறை, மதியம் என்ன சாப்பாடு, ஊருக்குத் திரும்ப எந்த வண்டி என்று முதல்வர் அறையிலிருந்தே பட்டியல் வரும். ஆய்வகத்தில் ஒவ்வொரு மேசையிலும் அளவுகோல், ஊசல், நிறுத்துக் கடிகாரம் வைப்பது என் வேலை. அளவீடு எவ்வளவு வரும் என்பது முந்தின நாளே பையன்களுக்குத் தெரியும். நான்தான் சொல்வேன். முதல் வருடம் கஷ்டமாக இருந்தது. பிறகு தலைவலி மாத்திரை போல ஆகிவிட்டது.

என் கேள்வி வேறு. எழுதிக் கொடுத்த ஆசிரியை பற்றிப் பேசுகிறீர்கள். அவருக்கு முன்னால் எத்தனை பேர் எழுதிக் கொடுத்திருப்பார்கள்? துறைத் தலைவர் தயங்காமல் வந்து கேட்கிறார் என்றால் இதற்கு முன் யாரும் முடியாது என்று சொன்னதில்லை என்று அர்த்தம். என்னிடம் கேட்டவரும் தயங்கவில்லை.

கடலூர் காற்று

சார், ஒன்று கேட்கலாமா? அந்த மதிப்பெண் வாங்கின பையன்களில் யாராவது அப்புறம் வந்து பேசியிருக்கிறார்களா?

பழைய பிசிக்ஸ்

வருவார்கள். கல்யாணப் பத்திரிகை கொண்டு வருவார்கள். "நீங்கள் சொல்லிக்கொடுத்த பிசிக்ஸ்தான் சார்" என்பார்கள். எந்த பிசிக்ஸ் என்று நானும் கேட்பதில்லை.

நெறியாளர்

பழைய பிசிக்ஸ் அய்யா எழுதியது நன்றாக இருக்கிறது, நீக்கவில்லை. ஆனால் நம் ஊர்ச் செய்முறைத் தேர்வு பற்றி ஏற்கெனவே தனி இழை ஓடுகிறது. பள்ளிப் பெயர், ஆசிரியர் பெயர் சொல்லாதீர்கள். இங்கே ஈட்டனோடு இருங்கள்.

தேம்ஸ்கரை

பழைய பிசிக்ஸ் சாருக்கு: அதே பள்ளியிலேயே இன்னொரு கதை இருக்கிறது, 2017-ல். அது கோர்ஸ்வொர்க் இல்லை, வினாத்தாளே.

அந்தக் காலத்தில் பெரிய தனியார் பள்ளிகள் ஏ-லெவலுக்குப் பதிலாகக் கேம்பிரிட்ஜ் வாரியத்தின் ப்ரீ-யூ என்ற தேர்வை எழுத வைத்தன. ஏ-லெவல் சுலபமாகிவிட்டது, எங்கள் பையன்களுக்கு இன்னும் ஆழமானது வேண்டும் என்பது பேச்சு. எழுதும் பிள்ளைகள் குறைவு. ஆகவே வினாத்தாள் தயாரிப்பவர்களும் பெரும்பாலும் அதே பாடத்தை அதே மாதிரிப் பள்ளிகளில் நடத்தும் ஆசிரியர்கள்தான். அவருக்கு வினா தெரியும். காலையில் அதே பாடத்தை நடத்தப் போகிறார். எதிரே அவருடைய பையன்கள்.

ஈட்டனில் பொருளாதார ஆசிரியர் ஒருவர், பள்ளியின் உயர் பொறுப்பிலும் இருந்தவர், வரப்போகும் தேர்வு பற்றிய ரகசிய விவரத்தைப் பகிர்ந்தார் என்ற புகாரில் வெளியேறினார். அதே கோடையில் வின்செஸ்டர் பள்ளியிலும் கலை வரலாறு தேர்வில் அதேபோல. வின்செஸ்டர் 1382-ல் தொடங்கியது. நல்நடத்தையே மனிதனை மனிதனாக்குகிறது என்பது அவர்களுடைய குறிக்கோள் வாசகம். சிரிக்காதீர்கள். வாரியம் அந்தத் தாள்களின் மதிப்பெண்ணை ரத்து செய்து, மற்ற தாள்களை வைத்து மாணவர்களுக்குத் தரம் போட்டது. பையன்கள் மேல் தவறில்லை என்றார்கள். விவகாரம் நாடாளுமன்றக் கல்விக் குழு வரைக்கும் போனது. கடைசியில் ஆசிரியர் வினாத்தாள் எழுதுவதை யாரும் தடை செய்யவில்லை. பாதுகாப்பை இறுக்கினார்கள். ப்ரீ-யூவையே பிறகு மூடிவிட்டார்கள், 2023-தான் கடைசித் தேர்வு.

வெட்டிப்பேச்சு வேலு

இது எனக்குப் புரியவில்லை. ஓவிய ஆசிரியைக்கு வேலை பயம். இந்த ஆளுக்கு என்ன? பெரிய பதவி. பையன்கள் எப்படியும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போகிறவர்கள். காசு வாங்கினாரா?

தேம்ஸ்கரை

காசு என்று எங்கும் வரவில்லை. அவர் மனதில் என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் உறைவிடப் பள்ளி ஆசிரியர்களுடன் பயிற்சி வகுப்புகளில் பேசியதை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே ஆசிரியர் வேலை மாலை நான்கு மணிக்கு முடியாது. ஈட்டனில் 25 விடுதிகள், ஒவ்வொன்றிலும் 50 பையன்கள் அளவில். விடுதித் தலைவர் குடும்பத்தோடு அந்தக் கட்டடத்திலேயே வாழ்கிறார். பையனுக்குக் காய்ச்சல் வந்தால் தெரியும், அப்பா அம்மா பிரியப்போவது தெரியும், எவன் ராத்திரி அழுகிறான் என்று தெரியும். 13 வயதில் வந்தவன் 18 வயதில் போகிறான். ஐந்து வருடம் இப்படி இருந்தால் அவனுடைய பல்கலைக்கழக இடம் தன் வீட்டு விஷயம் ஆகிவிடும். நம்ம பையன். அந்த நிலையில் ஒரு குறிப்புக் கொடுப்பது ஏமாற்று என்றே மனதில் படாது. அரசுப் பள்ளியில் எனக்கு 30 பேர் கொண்ட வகுப்புகள், மணி அடித்தால் போய்விடுவார்கள். என்னுடைய நேர்மையில் பாதி எனக்கு நேரம் இல்லாததால் வந்தது.

மலர்விழி மதுரை

//என்னுடைய நேர்மையில் பாதி எனக்கு நேரம் இல்லாததால் வந்தது//

இதைப் பிரின்ட் எடுத்து ஒட்ட வேண்டும் அண்ணா.

ஆனால் பாசம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. அந்தப் பாசம் விடுதிச் சுவருக்கு உள்ளே இருக்கிற பையனுக்கு மட்டும்தான். அதே தேர்வை இன்னொரு ஊரில் எழுதுகிற பிள்ளைக்கு அந்த ஆசிரியர் யாரும் இல்லை. அவனும் அதே பல்கலைக்கழக இடத்துக்குத்தானே வரிசையில் நிற்கிறான்?

ரயில்வே காலனி ராஜி

நான் பெற்றோர் தரப்பு. கட்டணம் கட்டுகிறவர்கள் சார்பில் ஒரு வார்த்தை. ஈட்டன் மாதிரிப் பள்ளியில் வருடத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல் கட்டுகிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி வேறு. இவ்வளவு கட்டுகிறவர் நல்ல பாடம் மட்டும்தான் எதிர்பார்க்கிறாரா? விளைவைத்தான் வாங்குகிறார். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆசிரியர் மட்டும் புனிதமாக இருக்க வேண்டும் என்பது ரொம்ப வசதியான எதிர்பார்ப்பு.

தேம்ஸ்கரை

ராஜி அக்கா சொன்னதற்கு ஒத்துவருகிற மாதிரி ஒன்று. சட்டப்படியே நடக்கிறது, யாரும் மோசடி என்று சொல்ல மாட்டார்கள்.

இங்கே பிள்ளைகள் தேர்வு எழுதுவதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் 15 கடைசி நாள். தேர்வு அடுத்த மே, ஜூனில். ஆகவே "இவன் இன்ன தரம் வாங்குவான்" என்று ஆசிரியர் கணித்து எழுத வேண்டும். பரிந்துரைக் கடிதமும் வேண்டும். 2016-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வு ஒன்று வந்தது: கணிப்பு சரியாக அமைந்தது 16 சதவீதம் பேருக்குத்தான், 75 சதவீதம் பேருக்கு ஆசிரியர் அதிகமாகவே கணித்திருந்தார். அதே ஆய்வில், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில் வசதி குறைந்தவர்களுக்குக் குறைவாகக் கணிக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்றும் வந்தது.

அக்டோபர் மாதம் ஒரு பையன் என் மேசை முன்னால் நிற்கிறான். நவம்பரில் பெற்றோர் கூட்டம். பி என்று நினைக்கிறேன், ஏ போட்டால்தான் அவன் விண்ணப்பத்தைத் திறந்தே பார்ப்பார்கள். என்ன போடுவேன்? ஏ போடுவேன். போட்டிருக்கிறேன். அவனும் சில சமயம் ஏ வாங்கிவிடுவான். அப்போது நான் பொய் சொன்னேனா, நம்பினேனா என்று எனக்கே தெரியாது.

சாக்பீஸ்

இதுதான் எனக்கு வேண்டிய பேச்சு. நன்றி அண்ணா.

2020, 2021-ல் கொரோனாவால் தேர்வு ரத்தாகி, ஆசிரியர்களே தரம் போட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021-ல் தனியார் பள்ளிகளில் ஏ-லெவலில் ஏ அல்லது அதற்கு மேலான ஏ-ஸ்டார் தரம் வந்தது 70.1 சதவீதம். முந்தைய வருடம் 60.8. அரசுப் பொதுப் பள்ளிகளில் அதே 2021-ல் 39.3. மறுபடி தேர்வு வந்த 2022-ல் தனியார் பள்ளி எண்ணிக்கை 58 ஆகக் குறைந்தது. 2022-ல் நாடு முழுவதும் தரங்களையே 2019-க்கும் 2021-க்கும் நடுவில் வரும்படி இறக்கினார்கள் என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும், பேனா ஆசிரியர் கையில் இருந்த வருடத்தில் யார் பக்கம் சாய்ந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டிப்பேச்சு வேலு

சரி, நான் முதலில் சொன்னதற்கே வந்துவிட்டோம். எல்லோரும் எழுதிக் கொடுப்போம்.

பழைய பிசிக்ஸ்

வேலு தம்பி, இல்லை. எல்லோரும் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பொறுப்பு இல்லாமல் போய்விடுகிறது. அதற்காகத்தான் முதல்வர்கள் அந்த வார்த்தையைச் சொல்வார்கள். எங்களிடம் சொன்னார்கள்.

கடலூர் காற்று

ஆசிரியர்களையே பிடித்துத் தொங்குகிறோம். மேலே பாருங்கள். ஈட்டனின் தலைமை ஆசிரியராக 1964 முதல் 1970 வரை இருந்தவர் ஆந்தனி ஷெனிவி-ட்ரெஞ்ச். உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்து பர்மா ரயில்பாதையில் வேலை செய்தவர். கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தவர். தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பையன்களின் கால்சட்டையை இறக்கிப் பிரம்பால் அடிப்பார். குடியும் உண்டு. பள்ளியை நிர்வகிக்கும் ஆளுநர் குழுவுக்கு விஷயம் எட்டியது. என்ன செய்தார்கள்? அவரை 1970-ல் கௌரவமாக விலகச் செய்தார்கள். காரணத்தை வெளியே சொல்லவில்லை. மறு வருடமே அவர் எடின்பரோவில் ஃபெட்டிஸ் பள்ளியின் தலைமை ஆசிரியர். 1979-ல் இறக்கும்வரை அங்கேதான்.

ஈட்டனில் உண்மையில் என்ன நடந்தது என்று அந்தப் பள்ளியின் முன்னாள் துணைத் தலைவர் ஒருவரே 1994-ல் எழுதித்தான் பலருக்குத் தெரிந்தது. ஆள் இறந்து 15 வருடம் கழித்து.

ஃபெட்டிஸில் அவரிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோர் ஈட்டன் ஆளுநர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? அந்த ஓவிய ஆசிரியை எழுதியது ஒரு விளக்க உரை. இவர்கள் எழுதாமல் விட்டதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மலர்விழி மதுரை

காற்று, அதைக் குற்றம் என்றே சொல்ல வேண்டும். சமரசம் இல்லை. இரண்டையும் ஒரே இழையில் போட்டால் அடி வாங்கின பையனின் கதை மதிப்பெண் கதையோடு சேர்ந்து சின்னதாகிவிடும்.

கடலூர் காற்று

அடித்தவர் செய்தது குற்றம், சரி. தெரிந்தும் நல்ல பெயரோடு வழியனுப்பியவர்கள் செய்ததற்கு என்ன பெயர் வைப்பாய்? அந்தக் குழுவில் இருந்த யாரும் பிரம்பைத் தொடவில்லை. எல்லோரும் கனவான்கள். பள்ளியின் பெயருக்கு இழுக்கு வரக் கூடாது, அவருக்கும் வாழ்க்கை இருக்கிறது, போரில் கஷ்டப்பட்டவர் என்று ஒவ்வொருவரும் யோசித்திருப்பார்கள். ஒவ்வொரு யோசனையும் தனியாகப் பார்த்தால் மோசமில்லை. சேர்த்துப் பார்த்தால் ஒரு பள்ளியின் ஆபத்தை இன்னொரு பள்ளிக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள்.

மலர்விழி மதுரை

சரி. அது வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். தனி இழை தொடங்கினால் வருகிறேன்.

ரயில்வே காலனி ராஜி

நேரடியாகக் கேட்கிறேன். சாக்பீஸ், கேள்வி கேட்டு விட்டு எல்லோரையும் வாக்குமூலம் கொடுக்க வைத்தீர்கள். உங்கள் பதில்?

சாக்பீஸ்

எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்தப் படத்தில் இந்தச் சிவப்பு ஏன்?" என்று கேட்டிருப்பேன். அவன் சொல்வதை அவன் கையாலேயே எழுத வைத்திருப்பேன். நாலு வரிதான் வரும் என்றால் நாலு வரி. அதற்கு எவ்வளவு மதிப்பெண்ணோ அவ்வளவு. ஏ-லெவலில் தேர்ச்சி பெற ஈ இருந்தாலே போதும். அவனுக்குப் பி தேவைப்பட்டதா, பள்ளிக்குத் தேவைப்பட்டதா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

துறைத் தலைவர் மேல் புகார் எழுதியிருக்க மாட்டேன். அவ்வளவு தைரியம் கிடையாது.

தேம்ஸ்கரை

அந்த நாலு வரிக் கோப்பும் வாரியத்துக்குப் போகிற மாதிரியில் இருக்கும், பக்கத்தில் துறைத் தலைவர் வேறு யாரிடமோ எழுதி வாங்கின கோப்பும் இருக்கும். உங்களுக்குத் தெரியும், அவை இரண்டும் ஒன்றாகப் போகின்றன என்று. ஆசிரியர் கையெழுத்துப் பக்கத்தில் உங்கள் பெயர் ஒன்றில்தான், மற்றதில் இல்லை. போதுமா?

சாக்பீஸ்

போதாது.

பழைய பிசிக்ஸ்

தேம்ஸ்கரை தம்பி, அந்தப் படிவத்தில் உதவியை எழுதும் கட்டம் இருக்கிறது என்றீர்களே, அதை நிரப்பினால் வாரியம் உண்மையில் என்ன செய்யும்? பையனுக்கு எவ்வளவு குறையும்? சொல்லுங்கள். என் பேத்தி இங்கே ஒரு பள்ளியில் ஓவியம் எடுக்கிறாள், அவளுடைய மேடத்துக்குச் சொல்ல வேண்டும்.

தேம்ஸ்கரை

சார், குறைப்பது வாரியம் இல்லை, ஆசிரியர்தான். உதவி இல்லாமல் அந்தப் பகுதி எந்த நிலையில் இருந்திருக்குமோ அதற்கு மதிப்பெண் போட வேண்டும். அதாவது பொய் சொல்லாமல் இருக்கவும் அதே ஆளைத்தான் நம்புகிறார்கள். உங்கள் ஊரில் விதி எப்படி என்று அந்த மேடத்திடமே கேளுங்கள். உதவி செய்தால் எங்கே எழுதுவீர்கள் என்று கேளுங்கள், உதவி செய்வீர்களா என்று கேட்காதீர்கள்.